மூன்றாவது வயோலா: ஒரு பள்ளி ஆர்கெஸ்ட்ராவும் ஒரு டிசம்பர் பயணமும்

கலிஃபோர்னியாவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே பத்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்திக்கு முதல் செமஸ்டரில் ஆர்கெஸ்ட்ரா பாடத்தில் 81.6 வந்தது. கிரேடு பி. மற்ற எல்லாப் பாடத்திலும் ஏ. அவள் வாசிப்பில் குறை இருப்பதாக யாரும் சொல்லவில்லை. டிசம்பர் கச்சேரியில் அவள் வாசிக்கவே இல்லை, அதுதான் விஷயம். பள்ளி அரங்கில் வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்குக் கச்சேரி தொடங்கியபோது சென்னையில் வெள்ளிக்கிழமை காலை எட்டரை. அவள் பாட்டி வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அவளுடைய கர்நாடக வயலின் ஆசிரியை. எட்டு வயதில் என்னிடம் வந்தவள். இந்த விவகாரத்தில் குடும்பம் என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனதால் இரண்டு பக்கத்தையும் கேட்க முடிந்தது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், பள்ளி எதையும் குறிப்பிடவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது போன் பண்ணி, "ஆர்கெஸ்ட்ரா கிளாஸ்ல ஏதோ ஹேண்ட்புக் குடுத்திருக்காங்க, கையெழுத்து போடணுமாம், எதுக்கு இவ்வளவு?" என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நடந்தது

ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளியில் மேற்கத்திய வயலின் வாசித்துவந்தாள். ஒன்பதாம் வகுப்பில் ஆர்கெஸ்ட்ரா ஆசிரியர் அவளை வயோலாவுக்கு மாறச் சொன்னார். இது பல பள்ளிகளில் நடப்பதுதான். வயலினுக்குப் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பார்கள், வயோலாவுக்கு ஆள் இருக்காது. கொஞ்சம் நீளமான விரலும் நல்ல காதும் உள்ள வயலின் பிள்ளைகளைப் பார்த்து ஆசிரியர் மெல்லக் கேட்பார். வயோலா வயலின் போலவே இருக்கும், உருவத்தில் பெரியது. தந்திகள் கீழிருந்து சி, ஜி, டி, ஏ. அதற்கு எழுதும் ஸ்வரக்குறிப்பின் கிளெஃப்பும், அதாவது எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் தொடக்கக் குறியும், வேறு. அவள் இரண்டு மாதத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள். பத்தாம் வகுப்பில் பள்ளியின் மேல்நிலை ஆர்கெஸ்ட்ராவில் இடம் கிடைத்தது. மொத்தம் 31 பேர், அதில் வயோலா நான்கு பேர்.

டிசம்பர் கச்சேரிக்கு எடுத்துக்கொண்டது ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் வாத்திய இசைப்படைப்பான மூன்றாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோ. 1721-இல் பிராண்டன்பர்க் பிரபுவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட ஆறு கான்செர்ட்டோக்களில் ஒன்று. மூன்று வயலின், மூன்று வயோலா, மூன்று செல்லோ, அடியில் டபுள் பேஸும் ஹார்ப்சிகார்டும் என்ற அமைப்பு. வழக்கமான பள்ளிப் பாடல்களில் வயோலா எல்லோருக்கும் ஒரே பாகம்தான் இருக்கும். இதில் மூன்று பாகம். நான்கு வயோலாக்காரர்களில் முதல் பாகத்துக்கு இருவர், இரண்டாவதுக்கு ஒருவர், மூன்றாவதுக்கு என் மாணவி.

குடும்பம் சென்னை டிக்கெட்டை மார்ச் மாதமே வாங்கிவிட்டது. டிசம்பர் டிக்கெட்டை அப்போது வாங்கினால்தான் கட்டுப்படியாகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கச்சேரி தேதி ஆகஸ்ட் முதல் வாரம் வகுப்புச் சுவரிலும் ஹேண்ட்புக்கிலும் வந்தது. விமானம் செவ்வாய் இரவு, மேடை ஒத்திகை புதன், கச்சேரி வியாழன். பிள்ளை அதைக் கவனித்து அன்றைக்கே அம்மாவிடம் சொன்னாள். "அப்புறம் ஸ்கூல்ல சொல்லிக்கலாம்" என்றார் அம்மா. அந்த அப்புறம் வரவே இல்லை. நவம்பரில் பள்ளி அலுவலகத்தில் நீண்ட விடுப்புக்கான தனிப்படிப்பு ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கு, வேதியியல், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் வீட்டுவேலை வாங்கிக்கொண்டார்கள். ஆர்கெஸ்ட்ராவும் அதில் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆசிரியரிடம் அவள் சொன்னது கச்சேரிக்குப் பத்து நாள் முன்னால். அவர் திட்டவில்லையாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, மூன்றாம் பாகத்துக்கு யாரைப் போடலாம் என்று பார்க்கிறேன்" என்றாராம். முதல் பாகத்தில் இருந்த இருவரில் ஒருத்தியை, அதாவது வழக்கமாக என் மாணவியோடு ஒரே இசைத்தாள் ஸ்டாண்டில் உட்காரும் பெண்ணை, மூன்றாவதுக்கு மாற்றினார்.

ஜனவரியில் மதிப்பெண் வந்தது. ஹேண்ட்புக்கின்படி தினசரி தயார்நிலைக்கு 40, வாசிப்புத் தேர்வுகளுக்கு 30, எழுத்து வேலைக்கு 15, கச்சேரிக்கு 15. முதல் மூன்றிலும் சேர்த்து அவள் சராசரி 96. கச்சேரியில் பூஜ்யம். எண்பத்தைந்தில் 96 சதவீதம் என்றால் 81.6. கணக்கில் தப்பு இல்லை.

அந்த ஒன்பது பக்கங்கள்

"கையெழுத்து போட்டேன் அக்கா, ஆனா படிக்கல" என்றார் அம்மா. நான் வாங்கிப் படித்தேன். ஒன்பது பக்கம்.

படிக்கும்போது முதலில் எனக்கும் எரிச்சல்தான் வந்தது. தினமும் வாத்தியம், இசைத்தாள், பென்சில், வில்லில் தடவும் ரோசின், தோள்தாங்கி கொண்டுவர வேண்டும். மணி அடித்து நான்கு நிமிடத்துக்குள் சுருதி சேர்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். இடது கை நகம் வெட்டியிருக்க வேண்டும். சூயிங்கம் கூடாது. வாத்தியத்தைக் காரில் விடக் கூடாது. வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்த வேண்டும். பென்சில் இல்லாமல் வந்தால் அன்றைய தயார்நிலை மதிப்பெண்ணில் பிடித்தம். அப்பாவுக்கு அந்த வரியில்தான் கோபம் அதிகம். "பென்சிலுக்கெல்லாமா மார்க் போடுவாங்க, டீச்சர்?"

பிப்ரவரியில் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அதற்குப் பிறகு பென்சில் விஷயத்தில் நான் முழுக்க ஆசிரியர் பக்கம்.

ஐம்பது நிமிட ஒத்திகையில் வில் திசையை நான்கு இடத்தில் மாற்றினார்கள். ஒரு இடத்தில் முதல் வயலின் தலைவி கையைத் தூக்கி, இந்த வாக்கியத்தை மேல் வில்லில் தொடங்கினால்தான் உச்ச ஸ்வரத்தில் கீழ் வில் கிடைக்கும் என்றாள். ஆசிரியர் ஒருமுறை பாடிப் பார்த்தார், தலையாட்டினார். உடனே அவள் பின்னால் திரும்பி வில்லைக் காற்றில் இழுத்துக் காட்டினாள். அடுத்த கணம் அறை முழுக்கப் பென்சில் கீறும் சத்தம். கீழ் வில்லுக்கு மூன்று பக்கப் பெட்டி போல ஒரு குறி, மேல் வில்லுக்கு ஆங்கில வி போல ஒரு குறி. ஒரு ஸ்டாண்டில் இருவர் உட்கார்ந்தால் சபையிலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பவர்தான் எழுதுவார், பக்கம் திருப்புவதும் அவர்தான். மற்றவர் வாசிப்பை நிறுத்த மாட்டார். அந்தக் குறியை எழுதாத பிள்ளை மறுநாள் மற்ற வில்லெல்லாம் மேலே போகும்போது ஒற்றை வில்லாகக் கீழே வருவாள். பார்க்க அசிங்கம் என்பது சின்ன விஷயம். வில்லின் அடியில் இழுக்கும்போது எடை கூடும், நுனியில் குறையும். திசை மாறினால் அழுத்தம் விழும் இடமும் மாறும், அந்த ஒரு வயோலா மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கும். பேனா ஏன் கூடாது என்றால், தாள் பள்ளி நூலகத்துடையது. அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நம் சங்கீதத்தில் இப்படி ஒரு கட்டாயம் இல்லை. பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் வயலின் கலைஞர் வில்லை எந்தத் திசையில் இழுக்கிறார் என்பது அவர் இஷ்டம். பாடகரின் மூச்சையும் சாகித்யத்தின் பிரிப்பையும் ஒட்டி வில் போனால் போதும். நான் அவளுக்கு ஏழு வருடம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது குதிகாலுக்கு மேல் நிறுத்தி, இடது கையை முழுக்க விடுவித்துக்கொண்டு, ஸ-ப-ஸ-ப சுருதியில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப்போவது. ஒன்பதாம் வகுப்பில் அந்த ஜாரு அவளுடைய வயோலாவிலும் வந்துவிட்டது. நான்கு பேர் ஒரே ஸ்வரத்தை எட்ட வேண்டிய இடத்தில் ஒருத்தி மட்டும் கீழிருந்து ஏறி வந்தால் நான்கு பேருக்கும் சுருதி கலைந்த மாதிரி கேட்கும். பள்ளியில் அதை விடச் சொன்னார்கள், ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அதையே கேட்டேன். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள அவள் ஒரு வருடம் பட்ட பாட்டுக்கு மதிப்பெண் பட்டியலில் இடம் இல்லை.

வயலின் மேற்கத்திய சங்கீதத்திலிருந்துதான் நம்மிடம் வந்தது என்பதை அவளுக்கு அடிக்கடி நினைவுபடுத்துவேன். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு நம் இசைக்குக் கொண்டுவந்த வாத்தியம் அது.

நான்கு நிமிடத்தில் சுருதி சேர்க்கும் விதியும் அப்படித்தான் புரிந்தது. என் வகுப்பில் ஒரு பிள்ளையின் வயலினில் தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கினால் நானே வாங்கித் திருகிக் கொடுப்பேன், மற்ற இருவர் காத்திருப்பார்கள். அங்கே ஒரு தந்தி இறங்கியிருந்தால் காத்திருப்பது முப்பது பேர். காரில் வாத்தியம் விடக் கூடாது என்பதற்குக் கலிஃபோர்னியா வெயிலே காரணம். மரத்தை ஒட்டும் பசை சூட்டில் இளகி மூட்டு பிரிந்துவிடும். வில்லைத் தளர்த்தாவிட்டால் குச்சியின் வளைவு நாளடைவில் நிமிர்ந்துவிடும். அவள் வாசித்தது பள்ளி கொடுத்த வயோலா, அவளுக்கு முன்னாலும் யாரோ வாசித்தது, பின்னாலும் யாரோ வாசிக்கப்போவது.

பணம் பற்றி ஒரு சின்னப் பகுதியும் ஹேண்ட்புக்கில் இருந்தது. கச்சேரிக்குக் கறுப்பு உடை, வீட்டில் இருப்பது எதுவானாலும் சரி, இல்லாதவர்களுக்குப் பள்ளி தரும். நன்கொடை விருப்பப்பட்டால் மட்டும். இது ஆசிரியரின் தாராளம் மட்டும் அல்ல. சாண்டா பார்பராவில் ஒரு பள்ளி மாவட்டம் வாத்திய இசை, பாட்டு, நாடகம், விளையாட்டு ஒவ்வொன்றிலும் சேர 25 டாலர் கட்டணம் வைத்தபோது வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏழைகளுக்கு விலக்கு உண்டு என்று மாவட்டம் வாதிட்டும், இலவசக் கல்வி என்ற அரசியலமைப்பு உறுதிக்கு அந்தக் கட்டணம் எதிரானது என்று 1984-இல் தீர்ப்பு வந்தது. 2012-இல் அதை மாநிலச் சட்டமாகவே எழுதினார்கள். ஆகவே உடைக்கோ வாத்தியத்துக்கோ கட்டாயமாகப் பணம் கேட்க முடியாது. பள்ளி ஆர்கெஸ்ட்ரா பிள்ளையிடம் கேட்கக்கூடியது அவளுடைய நேரத்தையும் கவனத்தையும்தான். அதனால் அவற்றைக் கறாராகக் கேட்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஆசிரியரின் அறையில்

ஜனவரி இரண்டாம் வாரம், பள்ளி விட்டதும் சந்திப்பு. அப்பா, அம்மா, பிள்ளை, நான். அப்பா மடிக்கணினியோடு வந்திருந்தார். கல்விச் சட்டத்தைப் படித்துத் தயாராக வந்திருந்தார்.

அவர் அக்கறையை நான் குறைத்துப் பேச மாட்டேன். இந்த மாநிலத்தில் ஆர்கெஸ்ட்ரா பொழுதுபோக்கு வகுப்பு கிடையாது. கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர ஒரு வருடம் கலைப் பாடம் படித்திருக்க வேண்டும், ஆர்கெஸ்ட்ரா அந்தக் கணக்கில் வரும். அவற்றில் யூ.சி. (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்கள் ஜி.பி.ஏ., அதாவது கிரேடுகளின் சராசரி, போடுவது பத்து, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து. அதில் ப்ளஸ், மைனஸ் பார்ப்பதில்லை. 81.6 என்பது அங்கே வெறும் பி. சரியாகப் பத்தாம் வகுப்பில் விழுந்த பி. ஒரு தகப்பன் கவலைப்படத்தான் செய்வார்.

சட்டம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 48205-ஆம் பிரிவில் ஒத்துக்கொள்ளப்பட்ட விடுப்புக் காரணங்கள் பட்டியலாக இருக்கின்றன: உடல்நலம், மருத்துவர் சந்திப்பு, இறுதிச் சடங்கு, சமயப் பண்டிகை என்று. அந்தக் காரணங்களுக்கு வராமல் போனால், தவறவிட்ட வேலைக்கு நியாயமான அளவில் ஈடான வேலை கொடுத்து முழு மதிப்பெண் பெற வாய்ப்புத் தர வேண்டும். குடும்பப் பயணம் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்து 49066: ஆசிரியர் போட்ட கிரேடு இறுதியானது, எழுத்துப் பிழை, மோசடி, கெட்ட எண்ணம், திறமையின்மை இவற்றில் ஒன்று இருந்தால்தான் மாற்ற முடியும். இங்கே நான்கும் இல்லை. அப்பாவே அதைப் படித்துக் காட்டிவிட்டு, "அதாவது நீங்க மனசு வெச்சாத்தான்" என்று நிறுத்திக்கொண்டார்.

ஆசிரியர் உடனே பதில் சொல்லவில்லை. எல்லா வாத்தியங்களின் பாகமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் முழு ஸ்கோரை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் விரித்தார். கச்சேரிப் பதிவைக் கணினியில் போட்டார். முதல் பகுதியில் ஓரிடம். ஒரு சின்ன ஸ்வர வடிவத்தை முதல் வயலின் சொல்லும், இரண்டாம் வயலின் அதை வாங்கும், மூன்றாம் வயலின் வாங்கும். பிறகு அதே போல வயோலாக்கள். கைமாறிக் கைமாறிப் போகும். அவர் விரலை வரிசையாக ஸ்கோரில் நகர்த்திக்கொண்டே வந்தார். வயலின் ஒன்று, இரண்டு, மூன்று. வயோலா ஒன்று, இரண்டு. மூன்றாவது வரியில் விரல் வந்து நின்றபோது ஒலிபெருக்கியில் எதுவும் இல்லை. ஒரு கணம் கழித்து இரண்டு ஸ்வரம் தயங்கித் தயங்கி வந்தது, நின்றுவிட்டது, செல்லோக்கள் வந்து மூடிவிட்டன.

அவர் அதைத் திரும்பப் போடவில்லை. பிள்ளை ஸ்கோரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் பாகத்துக்கு மாற்றப்பட்ட பெண் பத்து வாரம் முதல் பாகத்தைப் பயிற்சி செய்திருந்தாள். புதுப் பாகத்துக்குக் கிடைத்தது பத்து நாள், அதிலும் வகுப்பு இருந்தது ஏழு நாள்தான். கச்சேரி முடிந்ததும் வாத்திய அறையில் உட்கார்ந்து அழுதாளாம். ஆசிரியர் அவள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

திரும்பி வரும்போது காரில் என் மாணவி மெதுவாகச் சொன்னாள்: "லீவு முடிஞ்சு வந்ததுலேருந்து அவ என்கிட்ட சரியாவே பேசல டீச்சர். இப்பதான் ஏன்னு தெரியுது."

என் பார்வையில்

குடும்பத்தின் தவறு சென்னைக்குப் போனது இல்லை. பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் போகிறார்கள். தவறு, தெரிந்த விஷயத்தைக் கிட்டத்தட்ட நான்கு மாதம் சொல்லாமல் வைத்திருந்தது. செப்டம்பரில் சொல்லியிருந்தால் ஆசிரியர் மூன்றாம் பாகத்துக்கு வேறு ஒருத்தியை அப்போதே போட்டிருப்பார், இவளை இருவர் வாசிக்கும் முதல் பாகத்தில் உட்கார வைத்திருப்பார். அந்த இன்னொரு பெண் அழுதிருக்க மாட்டாள். இதை அவரே சொன்னார். பிள்ளை ஏன் சொல்லவில்லை என்று பிறகு தனியாகக் கேட்டேன். ஆசிரியரிடம் சொன்னால் மேல்நிலை ஆர்கெஸ்ட்ராவிலிருந்து எடுத்துவிடுவார் என்று பயம். அம்மாவிடம் மறுபடி கேட்டால் பயணம் கெடும் என்று பயம். நடுவில் மாட்டிக்கொண்டு நாளைத் தள்ளியிருக்கிறாள்.

என் பங்கும் இதில் இருக்கிறது. டிசம்பர் சீசனில் சென்னையில் இரு, தினமும் ஒரு கச்சேரி கேள், அது என் ஒரு வருட வகுப்புக்குச் சமம் என்று அவளிடம் சொன்னவள் நான்தான். பள்ளியில் என்றைக்குக் கச்சேரி என்று கேட்கத் தோன்றவில்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை வராவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும், வேறு நாள் வைத்துக்கொள்வோம், யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பழக்கத்தோடு வளர்ந்த பிள்ளையும் பெற்றோரும் ஒத்திகை என்றால் என்னவென்று எப்படி அறிவார்கள்? சாதகம் வீட்டில் தனியாகச் செய்வது. ஒத்திகைக்கு மற்றவர்கள் வேண்டும். தவறவிட்ட கணக்குப் பாடத்தை விமானத்தில்கூடப் போடலாம். தவறவிட்ட ஒத்திகையை எங்கே போய்ச் செய்வது? இந்த வித்தியாசத்தை நான்தான் அவளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பள்ளியின் பக்கமும் எனக்கு இரண்டு குறைகள் தெரிந்தன. இரண்டையும் ஆசிரியரிடமே சொன்னேன்.

முதலாவது, ஒன்பது பக்கத்தில் எல்லா விதிக்கும் ஒரே எடை. கச்சேரிக்கு வராவிட்டால் 15 மதிப்பெண் போகும், மாற்று வேலை கிடையாது என்ற வரி ஆறாம் பக்கத்தில், உடை விதிக்கும் சூயிங்கம் விதிக்கும் நடுவில் இருந்தது. கையெழுத்து கேட்பது முதல் வாரத்தில். அந்த வாரம் ஒவ்வொரு பாடத்துக்கும் இப்படி ஒரு தாள் வரும். ஆறேழு தாள்களில் கையெழுத்துப் போடும் பெற்றோர் எதைப் படிப்பார்கள்?

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வர முடியாது என்றால் இரண்டு வாரம் முன்பு சொல்ல வேண்டும் என்று ஹேண்ட்புக் சொல்கிறது. "பத்து நாள் முன்னாடி சொன்ன பிள்ளைக்கும் பதினாலு நாள் முன்னாடி சொல்ற பிள்ளைக்கும் இந்த மூன்றாம் வயோலாவுக்கு என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். பாகங்களைப் பிரித்துக் கொடுத்தது செப்டம்பரில். அதற்குப் பிறகு எப்போது சொன்னாலும் இன்னொரு பிள்ளை தன் பாகத்தை விட்டு வர வேண்டும். இரண்டு வாரம் என்பது யாருக்கும் உதவாத கெடு. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பூஜ்யத்தைப் பற்றியும் பேசினோம். அங்கே எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அவர் சொன்ன காரணம் லேசானது இல்லை. சில வருடங்களுக்கு முன்பு, கச்சேரிக்கு வராதவர்கள் வேறொரு கச்சேரிக்குப் போய்வந்து இரண்டு பக்கம் எழுதித் தரலாம் என்று வைத்திருந்தாராம். அடுத்த கச்சேரிக்கு ஐந்து பேர் வரவில்லை. பிள்ளைகள் இரண்டு பக்கக் கட்டுரையைச் சுலபமான வழியாக எடுத்துக்கொண்டார்கள். சரி, கட்டுரை ஈடாகாது. ஆனால் பத்து வாரம் ஒழுங்காக வந்து, மூன்றாம் பாகத்தை மனப்பாடமாக வாசித்தவளுக்கும், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் இருந்துவிட்ட ஒருவனுக்கும் ஒரே பூஜ்யம் என்பதை நான் இன்றும் ஏற்கவில்லை. அவள் பத்து நாள் முன்னாலாவது வாயைத் திறந்தாளே, அதற்கு ஏதாவது இருக்க வேண்டாமா? அவர், "இந்த வருடம் எழுதியதை இந்த வருடம் மாற்ற முடியாது, கையெழுத்துப் போட்ட மற்ற முப்பது பேருக்கு அது நியாயம் இல்லை" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கிரேடு பி-யாகவே நின்றது.

பிறகு

வசந்த காலக் கச்சேரிக்கு அவள் தினமும் பதினைந்து நிமிடம் முன்னால் போய் அந்தப் பெண்ணோடு சேர்ந்து சுருதி சேர்த்தாள் என்று அம்மா சொன்னார். மன்னிப்பு கேட்டாளா என்று நான் கேட்கவில்லை. பிப்ரவரியில் நான் பார்த்தபோது இருவரும் ஒரே ஸ்டாண்டில்தான் இருந்தார்கள். என் மாணவி உட்பக்கம் உட்கார்ந்து வில் குறிகளை எழுதிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் எழுதியது தப்பு போலிருக்கிறது; மற்றவள் வாசிப்பை நிறுத்தாமல் வில் நுனியால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். இவள் அழித்து எழுதினாள்.

அடுத்த ஆகஸ்டில் வந்த ஹேண்ட்புக்கின் மேல் ஒரு புதுத் தாள் இருந்தது. ஒரே பக்கம். அந்த வருடத்தின் நான்கு கச்சேரித் தேதிகளும் அவற்றின் மேடை ஒத்திகைத் தேதிகளும், ஒவ்வொன்றுக்கும் எதிரே வருவேன், வர முடியாது, இன்னும் தெரியாது என்று மூன்று கட்டம். பள்ளி திறந்த இரண்டாம் வெள்ளிக்குள் திருப்பித் தர வேண்டும். பாகம் பிரிப்பது அதற்குப் பிறகுதான். அந்தத் தாளில் முன்கூட்டியே சொன்னவர்களுக்கு மாற்று வேலை உண்டு: வகுப்புக்கு முன்னால் தங்கள் பிரிவோடு உட்கார்ந்து தங்கள் பாகத்தை முழுக்க வாசிக்க வேண்டும், அதற்கு முழு மதிப்பெண். தாமதமாகச் சொன்னவர்களுக்குப் பாதி வரை. சொல்லாமல் வராதவர்களுக்குப் பூஜ்யம். மீதி ஒன்பது பக்கம் அப்படியே இருந்தது, பென்சில் உட்பட.

அம்மா அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். "இந்த தடவை படிச்சுட்டுத்தான் போட்டேன் அக்கா." டிசம்பர் கச்சேரிக்கு எதிரே வருவேன் என்ற கட்டத்தில் குறி. டிக்கெட் அதற்கு மறுநாள் இரவுக்கு வாங்கியிருக்கிறார்கள். மே கச்சேரிக்கு எதிரே மூன்றாவது கட்டத்தில் குறி போட்டு, கீழே பிள்ளையின் கையெழுத்தில் ஒரு வரி: பெரியப்பா மகள் கல்யாணம் மே மாதம் இருக்கலாம், தேதி முடிவானதும் சொல்கிறேன். அதற்குக் கீழே ஆசிரியர் பென்சிலில் எழுதியிருந்தார்: நன்றி, மே மாதத்துக்கு உன் பாகத்தில் இருவரைப் போடுகிறேன்.